காற்றுவாய்

சூக் நகரில், பாரர் வீதி முடிவில்,
கையால் கார் கழுவும் இடத்தில்
பதினோராவது வருடம் நான்.
ஓட்டத் தெரியாது.
ஒரு காரின் அழகைப் பற்றி வேண்டுமானால்
என் வலது உள்ளங்கையிடம் கேட்கலாம்.

சனிக்கிழமை ஒன்பதரைக்கு
ஈட்டன் இரண்டையும் கொண்டுவருவார்,
தான் ஒன்றில், மகள் செலின் மற்றதில்.
அறுபத்தெட்டில் பிறந்தது ஒன்று,
ஈயச் சாம்பல்.
போன மாசியில் பிறந்தது மற்றது.
மஞ்சள், சும்மா மஞ்சளில்லை,
தேசிக்காய்க்குக் கோபம் வந்த மஞ்சள்.

பழையதில்
முன்விளக்கில் வைத்த துணி
எடுக்காமலே வால் வரை போகும்.
கதவு முடிந்து பின்சக்கரம் எழும் இடத்தில்
கை தானாக மெதுவாகும்,
தூங்கும் பிள்ளையைத் தாண்டும்போது
கால் மெதுவாவது போல.
அதைக் கீறியவன்
அழிறப்பரைத் தேடியே இருக்கமாட்டான் என்று நினைப்பேன்.
பொய்தான்.
ஆயிரம் தடவை அழித்திருப்பான்,
அழித்த தடமும் தெரியாமல்.

புதியதில் துணி நிற்கும்.
மடிப்பு, வெட்டு, மடிப்பின்மேல் வெட்டு.
காது குடையும் குச்சியோடு
ஒன்றேகால் மணி நேரம் குந்தியிருப்பேன்.
முகமெல்லாம் கோபம்.
யார்மேல்?
இந்த ஊரில் முப்பதைத் தாண்டினால்
கமரா படமெடுத்து வீட்டுக்கு அனுப்பும்.
அந்தக் கோபத்தோடுதான் அது
கடைக்குப் போய்
பாலும் பாணும் வாங்கிவருகிறது.

பக்கத்து மேடையில் நிற்கும் நகுலேஸ் சொல்லுவான்:
"இப்ப எல்லாத்தையும் கணினிதான் கீறுது அக்கா,
அதுக்குக் கை இல்லை."
நானும் அப்படியே சொல்லித் திரிந்தேன்,
ஏழெட்டு வருடம்.
சொல்ல நன்றாக இருக்கும் வசனம்.

பின் பம்பரில் ஆறு காற்றுவாய்.
ஒருநாள் விரல் விட்டுப் பார்த்தேன்.
நாலு பொய்.
கறுப்புப் பிளாஸ்டிக்,
சுவரில் கீறிய ஜன்னல்.
அவற்றையும் துடைத்தேன்,
கொஞ்சம் கூடுதலாகவே அழுத்தி.
ஐந்தாவதில் விரல் போனது,
மணிக்கட்டு வரை போனது.
காலையில் கணவாய் ஏறி இறங்கிய சூடு
உள்ளே இன்னும் இருந்தது,
மாட்டின் வாய்க்குள் கை விட்டதுபோல்.
ஆறாவதும் அப்படித்தான்.
உண்மையிலேயே அதற்கு மூச்சு வாங்குகிறது.

செலினிடம் கேட்டேன்.
பழையது நூற்றியெழுபதைத் தாண்டினால்
மூக்குத் தூக்குமாம்,
ஸ்டியரிங் கையில் வெறும் தட்டாகுமாம்.
அவள் பெரியப்பா அப்படித்தான்,
ஒரு ஆனி மாதம், ஜெர்மனிப் பக்கம்,
வளைவே இல்லாத சாலையில்.
அதே மாதிரிக் கார், வேறு நிறம்.
சொல்லிவிட்டுப் பழையதின் கூரையில் கை வைத்தாள்,
கடித்த நாயைத் தடவுவதுபோல்.
"அழகு இதுதான்.
வீட்டில் கொண்டுவந்து சேர்ப்பது மற்றது."
ஈட்டன் ஒன்றும் சொல்லவில்லை.
சக்கரத்தில் காற்றுச் சரியா என்று குனிந்து பார்த்தார்.
சரியாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து எனக்குக் குழப்பம்.
இரண்டு வாயை மன்னித்துவிட்டேன்.
நாலை முடியவில்லை.
இல்லாத மூச்சுக்கு எதற்கு மூக்கு?
அழகு தொலைந்தது என்று யாராவது வந்து முறையிட்டால்
அந்த நாலையும் தட்டிக் காட்டுவேன்,
இங்கேதான் தொலைத்தார்கள் என்று.

விருந்து என்ற சொல்லுக்கு
முதலில் புதுமை என்றே பொருளாம்.
சோறும் கறியும் பிறகு வந்து சேர்ந்தவை.
வந்தவர் முகம் பிடிக்கவில்லை என்று
தண்ணீர் கொடுக்காமல் விடுவதுண்டா?
மஞ்சளுக்குத் தண்ணீர் அடிக்கிறேன்.

பன்னிரண்டு மணி வெயில்
ஏரியில் பட்டு இரண்டின்மேலும் விழுகிறது.
பழையதில் ஒரே கோடாக வழிகிறது.
புதியதில் முப்பது துண்டாக உடைகிறது.
அதில் ஒரு துண்டு, கதவுக்குக் கீழே,
இத்தனை நாள் நான் பார்க்காத வளைவு,
அரை முழம்.
எந்தக் காற்றுக்கும் அதனால் வேலையில்லை.
யாரோ ஒருத்தி
ஏதோவொரு கூட்டத்தில் சண்டை பிடித்து
இதை மட்டும் காப்பாற்றியிருக்க வேண்டும்.

துணி அங்கே நின்றது.
மடிப்பு எதுவும் தடுக்கவில்லை.